சபர் வந்தவர்கள் சிங்கைவாசிகளான வரலாறு

நம் ஊர்ப்பக்கங்களில் பிழைப்புக்காகக் கடல் கடந்து போனவரைப் பற்றிக் கேட்டால், ‘சபர் போயிருக்கிறார்’ என்பார்கள். போய்த் திரும்பியவருக்குச் ‘சபராளி’ என்று பெயர். சபர் என்ற அரபுச் சொல்லுக்குப் பயணம் என்று பொருள். பயணம் போனவர் வீடு திரும்ப வேண்டும். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நம்மவர்கள் சிங்கப்பூரில் வாழ்ந்தது இந்த நினைப்போடுதான். சம்பாத்தியம் இங்கே, வீடு அங்கே.

இன்று நம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வீடு என்றால் சிங்கப்பூர்தான். ஊருக்குப் போவதுதான் அவர்களுக்குச் சபர். இந்த மாற்றம் ஒரே நாளில் வந்ததன்று. கப்பலை விட்டு இறங்கியவுடனும் வந்ததன்று. நம் சங்கம் பொன்விழாக் காணும் இவ்வேளையில், சபர் முடிந்து குடித்தனம் தொடங்கியது எப்போது, அதற்காக யார் யார் என்ன விலை கொடுத்தார்கள் என்று திரும்பிப் பார்ப்பது நம் கடமை.

ஆற்றங்கரையில் ஓர் இடம்

ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே தமிழ் முஸ்லிம் வணிகர்கள் மலாய்க் கரைகளில் பழகியவர்கள். மலாக்காவில் பிறந்து மலாய் இலக்கியத்தில் நிலைத்த பெயர் பெற்ற முன்ஷி அப்துல்லாஹ்வின் முன்னோரில் அரபியரும் தமிழரும் உண்டு. சிறு வயதில் தாம் தமிழ் படித்ததை அவரே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலேயர் குடியிருப்பை நிறுவியபோது அங்கும் நம்மவர்கள் திரளாகச் சேர்ந்தார்கள். அங்குள்ள சூலியா தெருவும், 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் அதற்குச் சான்று.

1819இல் ராபிள்ஸ் சிங்கப்பூரில் வணிகத் தளம் அமைத்ததும், பினாங்கிலிருந்து ஒரு பகுதியினரும் சோழமண்டலக் கரையிலிருந்து நேரே ஒரு பகுதியினரும் இங்கே வந்தார்கள். அவர்களைச் ‘சூலியா’ என்றே அரசாங்கம் பதிவு செய்தது. 1822இல் ராபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில், சிங்கப்பூர் ஆற்றின் மேற்புறத்தில் ‘சூலியா கம்பம்’ என்று ஓர் இடம் அவர்களுக்குக் குறிக்கப்பட்டது. ஆற்றங்கரை கிடைத்தது அவர்களுக்குத் தோதாயிற்று. நடுக்கடலில் நிற்கும் கப்பல்களிலிருந்து சரக்கை ஏற்றிக் கரையிலுள்ள கிடங்குகளுக்குக் கொண்டு வந்த தொங்காங் படகுகளில் ஆரம்ப காலத்தில் நம்மவர்களே பெரும்பாலும் உழைத்தார்கள். அந்தத் தொழில் பின்னர் சீனர் கைக்கு மாறியது.

முதலில் எழுந்தவை பள்ளிவாசல்கள்

வந்தவர்கள் தங்களுக்கென்று வீடு கட்டவில்லை. முதலில் தொழுகைக்கு இடம் கட்டினார்கள். 1826இல் அன்சார் சாயபு என்பவரின் தலைமையில் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் தொடங்கப்பட்டது. இன்று நாம் காணும் கட்டடம் 1830களின் முற்பாதியில் முடிந்தது. அதே சாலையில், ஒரே வரிசையில், 1827இல் தோன்றிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் இருக்கிறது. இரண்டு நூற்றாண்டுகளாக இரண்டும் அண்டை வீட்டார்.

தெலுக் ஆயர் ஸ்திரீட் அந்நாளில் கடற்கரை. கடலைத் தூர்த்து நிலமாக்கியது பிற்பாடுதான். பாய்மரக் கப்பலில் வந்தவர் கால் வைத்த இடம் அதுவே. அங்கே 1827இல் ஓலைக் குடிசையாக ஒரு தொழுமிடம் எழுந்தது. நம்மவர்கள் அதைக் ‘குச்சுப் பள்ளி’ என்றார்கள். 1850க்கும் 1855க்கும் இடையில் அது செங்கல் கட்டடமாகி, இன்று அல்-அப்ரார் பள்ளிவாசல் என வழங்குகிறது. அதற்குச் சற்றுத் தள்ளி 1828 முதல் 1830 வரை கட்டப்பட்டது நாகூர் தர்கா. நாகூரில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது நாயகத்தின் நினைவாக எழுப்பப்பட்டது. கடல் பயணம் நல்லபடியாக முடிந்ததற்கு நன்றி சொல்லி இறங்கியவர்கள் அதன் அருகில் நின்றிருப்பார்கள். இதே தெருவில்தான் சீனர்களும் கடல் கடந்து வந்த நன்றிக்கடனாகத் தியான் ஹொக் கெங் ஆலயத்தைக் கட்டினார்கள்.

இம்மூன்று இடங்களும் 1974இல் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் டன்லப் ஸ்திரீட்டில் 1907இல் கட்டத் தொடங்கி 1927இல் நிறைவுற்ற அப்துல் கபூர் பள்ளிவாசலும் பின்னர் அச்சிறப்பைப் பெற்றது. ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தில் தலைமை எழுத்தராக இருந்த ஷேக் அப்துல் கபூர் அதற்குப் பெயர் தந்தவர். பள்ளிவாசலைச் சுற்றிக் கடைகளும் வீடுகளும் கட்டி, அவற்றின் வாடகையால் பள்ளிவாசலை நடத்த ஏற்பாடு செய்தார்கள்.

சபர் வந்தவருக்குப் பள்ளிவாசல் தொழும் இடம் மட்டுமாக இருந்ததில்லை. வேலை எங்கே கிடைக்கும், ஊருக்கு யார் போகிறார், யார் வந்திருக்கிறார் என்ற சேதியெல்லாம் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போதுதான் தெரியும். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சிதான் தனியாக இருந்தவருக்கு வீட்டுச் சாப்பாடு. இன்றும் அந்தக் கஞ்சிக்கு வரிசையில் நிற்பவர்களில் வீட்டை விட்டு வந்த வேலையாட்கள் பலர் இருப்பதைக் காண்கிறோம். அவர்கள் நிற்பது நம் பாட்டனார் நின்ற இடம்.

கடை மாடி வாழ்க்கை

நகரத்தில் நம்மவர்களின் தொழில்கள் பெருகின. ராபிள்ஸ் பிளேசுக்கும் காலியர் கீக்கும் இடையே இருந்த சேஞ்ச் ஆலியில் கப்பல் பயணிகளுக்கு நாணயம் மாற்றிக் கொடுத்தவர்களில் நம்மவர் பலர். துணிக்கடை, நகைக்கடை, புத்தகக் கடை, சாப்பாட்டுக் கடை, சரபத் கடை என்று பலவும் வைத்தார்கள். ஒன்றுமில்லாதவர் ஒரு சுவரை ஒட்டி நாலு பலகை அடித்து ஒட்டுக்கடை போட்டார். வெற்றிலை, பீடி, சிகரெட், மிட்டாய் விற்றே குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள் உண்டு. 1887இல் ‘சிங்கை நேசன்’ என்ற தமிழ் வார இதழை மகுதூம் சாயபு நடத்தினார் என்பதும் நினைவில் வைக்கத்தக்கது. கடைக்காரர் சமூகம் பத்திரிகை படிக்கும் சமூகமாகவும் இருந்தது.

இவர்கள் வாழ்ந்த விதம் எளிமையானது. கீழே கடை, மாடியில் படுக்கை. ஓர் அறையில் பத்துப் பேர், சில வேளை அதற்கு மேலும். ஆளுக்கு ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய் அல்லது கான்வாஸ் கட்டில். இடம் போதாவிட்டால் கடைக்கு முன்னாலிருக்கும் ஐந்தடி நடைபாதையில் படுப்பார்கள். பெரும்பாலும் ஓர் ஊர்க்காரர்கள் ஓர் இடத்தில் தங்கினார்கள். முதலில் வந்தவர் மைத்துனரை அழைப்பார், மைத்துனர் தம்பியை அழைப்பார். கப்பல் கட்டணத்தைக் கொடுத்து அழைத்தவருக்கு வந்தவர் உழைத்துக் கடன் தீர்ப்பார். வேலை தெரியாதவர் கடையிலேயே வேலை பழகுவார். நோய் வந்தால் கவனிக்கவும், இறந்தால் குளிப்பாட்டி, கஃபனிட்டு, அடக்கம் செய்யவும் ஊர்க்காரரே பொறுப்பு. அதற்காகத் தலைக்கு இவ்வளவு என்று எடுத்த வரிதான் பின்னாளில் பல ஊர்ச் சங்கங்களுக்கு வித்தாயிற்று.

அடக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சபராளியின் மனத்தில் இருந்த பெரும் அச்சம் வறுமையன்று. ஊர் மண் கிடைக்காமல் போய்விடுமோ என்பதுதான். எத்தனையோ பேர் அப்படியே இங்கு அடங்கினார்கள். 1910இல் திறக்கப்பட்ட பிடாடாரி முஸ்லிம் அடக்கத்தலம் 1972இல் மூடப்பட்டது. பின்னர் கபுறுகள் தோண்டி எடுக்கப்பட்டுச் சுவா சூ காங்கிற்கு மாற்றப்பட்டன. பிடாடாரியில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. ஜியாரத் செய்ய உறவினர் யாரும் இங்கில்லாத கபுறுகளில் நம் ஊர்களின் மக்களும் இருந்திருப்பார்கள். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக.

ஊரில் காத்திருந்தவர்கள்

வரலாறு எழுதும்போது நாம் கப்பலில் வந்தவர்களையே எழுதுகிறோம். கப்பலை வழியனுப்பியவர்களை விட்டுவிடுகிறோம். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர் இந்தியரில் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்கள் இருந்தார்கள். மீதிப் பெண்கள் எங்கே இருந்தார்கள்? ஊரில் இருந்தார்கள்.

மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்று இடைவெளி விட்டுக் கணவர் வருவார். சில மாதம் இருந்துவிட்டுப் போவார். பிள்ளை பிறந்த செய்தி கடிதத்தில்தான் போகும். வாப்பாவை முதன்முதலில் பார்க்கும்போது பிள்ளைக்கு நாலு வயதாகியிருக்கும். மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளை ஓதவைத்து, வந்த மணியார்டரில் மிச்சம் பிடித்து வீடு கட்டியது அந்தப் பெண்கள்தாம். தமிழ் எழுத்துத் தெரியாவிட்டாலும் அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த உம்மாமார் நம் ஊர்களில் நிறையப் பேர் இருந்தார்கள். அரபு எழுத்தில் எழுதிய தமிழ்க் கடிதத்தை அடுத்தவர் உதவியில்லாமல் அவர்களே படித்துக்கொண்டார்கள்.

இங்கேயே மலாய்ப் பெண்களை மணந்து குடும்பமானவர்களும் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் ‘ஜாவி பெரானாக்கான்’ எனப்பட்டார்கள். மலாய் பேசி வளர்ந்த அவர்கள்தாம் 1876இல் அதே பெயரில் சிங்கப்பூரின் முதல் மலாய்ப் பத்திரிகையைத் தொடங்கினார்கள். அவர்கள் நம்மை விட மிக முன்பே இந்த மண்ணுக்கு உரியவர்கள் ஆனார்கள். ஆனால் தமிழ் அவர்கள் வீட்டிலிருந்து போய்விட்டது. இந்த இரண்டு வழிகளுக்கும் இடையில் மூன்றாவது ஒரு வழி பின்னரே திறந்தது.

குடும்பத்தோடு வந்தவர்கள்

அந்த மூன்றாவது வழியைக் காட்டியவர்கள் கடையநல்லூர், தென்காசிப் பகுதி மக்கள். கடற்கரை ஊர்களின் வணிகர்களைப் போலன்றி இவர்களில் பலர் நெசவாளர்கள். தறியில் வருமானம் குன்றியபோது வந்த இவர்கள் துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகார் வட்டாரத்தில் தங்கி உழைத்தார்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு முன்பே மனைவி மக்களையும் அழைத்து வந்தார்கள். பெண்கள் வீட்டில் சும்மா இருக்கவில்லை. மசாலாச் சாமான்களை இடித்தும் அரைத்தும் விற்றுக் குடும்ப வருமானத்தில் பங்கு கொண்டார்கள்.

பெண்கள் வந்ததும் பிள்ளைகள் வந்தார்கள். பிள்ளைகள் வந்ததும் பள்ளிக்கூடம் தேவைப்பட்டது. தனி ஆளுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு? 1941இல் தொடங்கிய சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக், போர் முடிந்த மறு ஆண்டே, 1946இல், உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவியது. சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயரைச் சூட்டியதிலேயே நோக்கம் தெரிகிறது: தீனும் வேண்டும், தமிழும் வேண்டும். பின்னர் உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்து, பல சமயத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் கல்வி தந்து, மாணவர் ஆங்கிலப் பள்ளிகளை நாடிய காலத்தில், 1982இல் அது மூடப்பட்டது. அதன் பெயர் இன்று உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையத்தில் வாழ்கிறது. உழைப்பாளி மக்கள் தங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்த காசில் எழுந்த பெயர் அது.

இங்கா, அங்கா?

இடையில் வந்த போர் எல்லாருடைய கணக்கையும் மாற்றிவிட்டது. 1942 பிப்ரவரியிலிருந்து 1945 செப்டம்பர் வரை ஜப்பானியர் ஆட்சி. கப்பல் இல்லை, கடிதம் இல்லை, மணியார்டர் இல்லை. கணவர் உயிரோடு இருக்கிறாரா என்பது தெரியாமலேயே ஊரில் மூன்றரை ஆண்டு கழிந்தது. கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கியதும் ஒரு பகுதியினர் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். வேறு சிலர் இனிப் பிரிந்திருப்பதில்லை என்று முடிவு செய்து குடும்பத்தை அழைத்து வந்தார்கள்.

அழைத்து வருவதற்கும் காலம் குறுகிக்கொண்டிருந்தது. அதுவரை இந்தியாவிலிருந்து வருவது எளிது. இரண்டு நாடும் ஒரே சாம்ராஜ்யத்தின் கீழ் இருந்தன. 1953இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் அந்தக் கதவைப் பெரிதும் மூடியது. 1957இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1965இல் சிங்கப்பூர் தனி நாடானபின், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய வேலை அனுமதி பெற வேண்டும் என்றாயிற்று. 1968 ஜனவரியில் பிரிட்டிஷ் படை விலகும் அறிவிப்பு வந்ததும், படைத்தளங்களை நம்பி வாழ்ந்த இந்தியர் பலர் நாடு திரும்பினார்கள்.

ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்குள் ஒவ்வொரு சபராளியும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது: இங்கா, அங்கா? இந்தியக் கடப்பிதழைக் கைவிடுவதா? கடையை விற்றுவிட்டுப் போவதா? குமராகிவிட்ட மகளை ஊரிலிருந்து அழைப்பதா, அங்கேயே கட்டிக்கொடுப்பதா? இந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில் என்று ஒன்று இருக்கவில்லை. ஒரே வீட்டில் அண்ணன் சிங்கப்பூரர் ஆனார், தம்பி ஊர் திரும்பினார். நம் குடும்பங்களில் இன்றும் பாதி உறவு இங்கும் பாதி அங்குமாக இருப்பதற்கு அந்தப் பதினைந்து ஆண்டுகளே காரணம். தங்கியவர் கெட்டிக்காரர், போனவர் ஏமாந்தவர் என்று பேசுவது தவறு. அவரவர் தம் குடும்பத்தைப் பார்த்து முடிவெடுத்தார்கள்.

இரு கரைகளையும் இணைத்தவை கப்பல்கள். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. தளப் பயணிகளாக ஒரு வாரம் பயணம் செய்த பெரியவர்கள் நம் சங்கக் குடும்பங்களில் இருந்தார்கள். அதன் பின் வந்த ‘சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு இந்தக் கடல் வழிப் போக்குவரத்தும் முடிந்தது. அதற்குள் விமானம் வந்துவிட்டது. போக்கு எளிதாயிற்று, ஆனால் அப்போது நம்மவர்கள் விருந்தாளியாகத்தான் ஊருக்குப் போனார்கள்.

அடுக்குமாடிக்குக் குடிபோனது

1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்தது. 1964இல் வீடுகளைச் சொந்தமாக வாங்கும் திட்டம் வந்தது. 1968 முதல் மத்திய சேமநிதிப் பணத்தைக் கொண்டு வாங்கலாம் என்றானதும், கடை மாடியில் இருந்தவர்கள் தோ பாயோவுக்கும் குவீன்ஸ்டவுனுக்கும் பிற்பாடு புதிய நகரங்களுக்கும் போனார்கள். நம் வரலாற்றில் முதன்முறையாக, ஊரில் கட்டும் வீட்டுக்கு அனுப்பிய பணம் இங்கே வாங்கிய வீட்டுக்குத் தவணையாகப் போயிற்று. சபர் முடிந்தது அன்றுதான் என்று நான் கருதுகிறேன்.

ஆனால் ஒரே தெருவில் இருந்தவர்கள் தீவெங்கும் சிதறினார்கள். முன்பு ஒருவரைப் பார்க்க மாடிப்படி இறங்கினால் போதும். இப்போது இரண்டு பேருந்து ஏற வேண்டும். புது நகரங்களில் எல்லா முஸ்லிம்களும் சேர்ந்து பள்ளிவாசல் கட்டினார்கள். 1975இல் தொடங்கிய பள்ளிவாசல் கட்டட நிதியின் கீழ் எழுந்த முதல் பள்ளிவாசல், 1977இல் திறக்கப்பட்ட தோ பாயோ முஹாஜிரீன். அங்கு மலாய்ச் சகோதரர்களோடு தோள் சேர்ந்து தொழுதோம். ஆயினும் தமிழில் ஜும்ஆ உரை கேட்க வேண்டுமென்றால் நகரத்துக்குச் சூலியா பள்ளிக்கோ அப்துல் கபூர் பள்ளிக்கோ வரவேண்டியிருந்தது. ஒட்டுக்கடைக்காரர் அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் கடை வைத்தார். சீனப் பிள்ளையும் மலாய்ப் பிள்ளையும் அவரை ‘மாமா’ என்று அழைக்க, அது ‘மாமா கடை’ ஆயிற்று.

நம்முடையதைப் போன்ற சங்கங்கள் வளர்ந்த சூழல் இது. மய்யித்து நிதியும் கப்பல் கட்டண உதவியும் தேவைப்பட்ட காலம் போய், துணைப்பாட வகுப்பு, உபகாரச் சம்பளம், நோன்புத் திறப்பு, மாதர் பிரிவு, இளைஞர் பிரிவு என்று தேவை மாறியது. தெரு செய்த வேலையைச் சங்கம் செய்ய நேர்ந்தது.

இனி நம் பங்கு

சிங்கப்பூரில் நமக்கு ஓர் இக்கட்டு எப்போதும் உண்டு. மதத்தால் மலாய் மக்களோடும், மொழியால் மற்றத் தமிழரோடும் ஒன்றாக இருக்கிறோம். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மறுபாதி நழுவும். ஜாவி பெரானாக்கான் குடும்பங்களில் தமிழ் நழுவியது போல, இன்று நம் பேரப்பிள்ளைகள் வீட்டில் ஆங்கிலமே பேசும்போது அது நழுவுகிறது. வாப்பா, உம்மா, பசியாறுதல் என்ற சொற்களாவது அவர்கள் நாவில் நிற்க வேண்டும். தஞ்சோங் பகாரில் சுமை தூக்கியவர்கள் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடமே நடத்தினார்கள் என்றால், மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் நேரத்தில் பிள்ளைகளோடு தமிழ் பேச நம்மால் முடியாதா?

மற்றொன்றும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டு அலமாரியில் பழைய கடப்பிதழ், கப்பல் சீட்டு, குடியுரிமைச் சான்றிதழ், வேலை அனுமதிப் புத்தகம், அரபுத்தமிழ்க் கடிதம் ஏதேனும் இருந்தால் வீசிவிடாதீர்கள். படம் எடுத்துச் சங்கத்தில் ஒரு நகல் கொடுங்கள். வீட்டில் எண்பதைக் கடந்த பெரியவர்கள் இருந்தால், இந்தப் பெருநாள் விடுமுறையிலேயே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: எந்த ஆண்டு வந்தீர்கள், யார் சீட்டு எடுத்துக் கொடுத்தார், முதலில் எங்கே படுத்தீர்கள்? நன்னிமாரிடமும் கேளுங்கள். எத்தனை ஆண்டு தனியாக இருந்தீர்கள், கடைசியில் இங்கே வரச் சம்மதித்தது எப்படி? பாட்டனாரின் கதை பலருக்கும் தெரியும். பாட்டியின் கதையை யாரும் கேட்டதில்லை.

நூறாம் ஆண்டு மலரை எழுதுகிறவர்களுக்கு அந்தப் பதில்கள் தேவைப்படும். நம் முன்னோர்களின் உழைப்பை அல்லாஹ் ஏற்றுக்கொண்டு, இந்த மண்ணில் நம் சந்ததிகளை நல்லோராக வாழச் செய்வானாக. ஆமீன்.